எட்டு எழுத்தும் ஒரு சாய்ந்த கோடும்

புது சிஸ்டம் வருகிற அன்றைக்குக் கேக் வெட்டுவார்கள். கத்தியைப் பிடித்திருப்பவர் யார் என்று கவனித்துப் பாருங்கள். அந்த மெஷினுக்கு சுவிட்ச் எந்தப் பக்கம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் கடைசி வரிசையில் காகிதத் தட்டோடு நின்றுகொண்டிருப்பார்கள். கேக் அவர்களிடம் வந்து சேரும்போது கிரீம் இருக்காது.

நீங்களும் பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. எனக்குத் தெரிந்த மெஷின்களை எல்லாம் இப்போது கிலோ கணக்கில்கூட எடுக்கமாட்டார்கள், அதனால் கம்பி, கட்டளை பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தவில்லை. ஒரே ஓர் எழுத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ‘N’ என்ற எழுத்து. ‘வேண்டாம்’ என்று அர்த்தம். எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் அதை நான் ஆறு முறை அமுக்கினேன். ஆறு பெண்களுக்கு வீடு போகப் பார்த்தது.

அப்போது எங்கள் ஆபீஸ் ஈப்போவில் ஒரு காப்பிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சில ரப்பர் தோட்டங்களின் ஆள் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. எனக்கு யாரும் கம்ப்யூட்டர் சொல்லித்தரவில்லை. டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன்; பெரிய தட்டு போன்ற டிஸ்க்குகளோடு மெஷின் வந்து இறங்கியது; இறக்கியவர்கள் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு லாரி ஏறிப் போய்விட்டார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை நான் படித்தேன். ஆபீசிலேயே ஏர்கோன் இருந்த ஒரே அறை அதுதான் என்பதால் எங்கள் மேனேஜர் தம்முடைய ஆர்க்கிட் செடிகளைக் கொண்டுவந்து அங்கே வைத்தார். அவர் அந்த அறைக்குள் வந்ததெல்லாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான்.

பழைய சிஸ்டத்தில் ஒரு பைலுக்கு எட்டு எழுத்தில் பெயர் வைக்கலாம். பிறகு ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் இன்னும் மூன்று எழுத்து. இவ்வளவுதான் இடம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பைல் போட வேண்டும். எண் போடு, சுலபம் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். எங்கள் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது என் அம்மாவை நாற்பத்தேழு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவும் அதற்கு ‘ஆ’ என்று குரல் கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கையில் வந்த மெஷினில் ஆட்களுக்குப் பெயர்தான் இருக்கும் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

நம் நாட்டில் நம் ஆட்களின் பெயருக்கு நடுவில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். மலாய்ச் சுருக்கமாக மகன் என்றால் a/l, மகள் என்றால் a/p. சாய்ந்த கோட்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், சரியாக மூன்று எழுத்து! எனக்காகவே அந்த இடத்தை ஒதுக்கி வைத்த மாதிரி இருந்தது. பெயரின் முதல் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, பிறகு மகனா மகளா. ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டி வந்தால் எட்டாவது எழுத்தை எடுத்துவிட்டு எண் போட்டுக்கொள்வேன். ஆனால் ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால் அதுவும் தேவையில்லை, கடைசி மூன்று எழுத்தே பிரித்துக் காட்டிவிடும். கண்டுபிடித்த அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போன மாதிரியே இல்லை எனக்கு. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சொல்லாமல் விட்டது முதல் தப்பு, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு தந்திரம் பண்ணினால் அதைக் காகிதத்தில் எழுதி, சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பல வருடம் ஓடியது. பழைய மெஷினுக்குச் சாமான் கிடைக்கவில்லை, புதியது வாங்கினார்கள். அதில் சிஸ்டமும் புதிது. மாற்றிக் கொடுக்கக் கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். பெயர் குமரன், நம் ஊர்ப் பழக்கப்படி பேச்சுக்கு நடுவில் ‘லா’ போட்டுப் பேசுவார். ஈப்போ வெயிலில் டை கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்ததால் ஆபீஸ் முழுக்க அவருக்கு ‘டை’ என்றே பெயர். என் பைல் பட்டியலைப் பார்த்ததும் டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னக்கா இது, பைல் பேர்ல போய் அப்பன் மகன் எல்லாம் எழுதி வச்சிருக்கீங்க?”

“ஏன், உங்க ஐசி கார்டுல, உங்க பேருக்கு நடுவுல a/l இல்லையா?”

“இருக்கு. ஆனா நான் பைல் இல்லையேக்கா. புது சிஸ்டத்துல சாய்ந்த கோடுன்னா கட்டளை லா. a/p-ன்னு அடிச்சீங்கன்னா அதுக்கு மகளைத் தெரியாது. ‘p’-ன்னு என்னமோ வேலை செய்யச் சொல்றீங்கன்னு நெனச்சுக்கும்.”

“அப்ப என்ன பண்றது?”

“கோட்டுலருந்து வெட்டிருவோம். நான் சின்னதா ஒரு புரோகிராம் எழுதிருக்கேன். அதுவே வெட்டி அதுவே ஏத்திரும். நீங்க கோப்பி குடிங்க.”

வெட்டிய பிறகு மிச்சம் என்ன இருக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சிரித்தவரிடம் மறுபடி கேள்வி கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் இருக்கிறதே, நம் தொழிலில் மின்னல் அடித்துக் கெட்ட மெஷின்களைவிட அதனால் கெட்டவைதான் அதிகம்.

மறுநாள் சனிக்கிழமை திறப்பு விழா. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு மெஷினுக்கும் நடுவில் கம்பி போட்டுப் பைல்களை ஏற்ற ஆரம்பித்தோம். மேனேஜர் துரைசிங்கம் பின்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளைச் சட்டை, கையில் செடிக்கு ஊற்றும் குவளை.

“என்ன பிள்ளை, இன்னும் முடியேல்லையே? நாளைக்குப் பெரியாக்கள் வருகினம்.”

“ஓடிக்கிட்டு இருக்கு சார்.”

பதினெட்டாங்கட்டைத் தோட்டத்தின் டிஸ்க் ஓடும்போது திரை நின்றது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பைல் இருக்கிறது, அதன் மேல் எழுதவா, Y அல்லது N என்று கேட்டது. CHINNATH என்று ஒரு பெயர்.

“என்ன போடணும்?” என்று டையைக் கேட்டேன்.

“இருக்குன்னுதானேக்கா சொல்லுது? ரெண்டாவது தடவை ஏறப் பாக்குது. வேணாம்னு போட்டுருங்க லா.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ‘ஆமாம்’ என்றால் எதையாவது அழித்துவிடும். ‘வேண்டாம்’ என்றால் ஒன்றும் நடக்காது, இருப்பது இருக்கும். பயந்தவர்களுக்கு N மாதிரி வசதியான எழுத்து வேறு இல்லை. அமுக்கினேன். மறுபடி கேட்டது. மறுபடி அமுக்கினேன். ஆறாவது தடவை நான் திரையைப் படிக்கவே இல்லை, கேட்கும் முன்பே விரல் போய்விட்டது. மேனேஜர் “கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டு ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

சனிக்கிழமை கேக் வந்தது. கம்ப்யூட்டர் மாதிரியே செய்த கேக். மேலே கிரீமில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து தப்பு. மேனேஜர் தூரத்திலேயே கண்டுபிடித்து, கடைக்குத் திருப்பி அனுப்பி, திருத்தி வாங்கிய பிறகுதான் விழாவை ஆரம்பித்தார். அதே காலையில் புது மெஷின் அச்சடித்த பதினெட்டாங்கட்டைப் பட்டியலை ஒரு வரிகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பழைய மெஷினை அன்றைக்கே ஜெலாப்பாங்கில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார், போட்டோவில் அது தெரியக்கூடாதாம்.

அந்தப் பட்டியல் எதற்கு என்று சொல்ல வேண்டும். பதினெட்டாங்கட்டையில் ரப்பர் மரங்களை அழித்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறார்கள். தொழிலாளிகள் குடியிருக்கும் பழைய லயங்களை இடிக்கப்போகிறார்கள். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மட்டும் ரோட்டோரம் புது வீடு. யார் நிரந்தரம்? பட்டியலில் இருப்பவர். வரும் வெள்ளிக்கிழமை சாவி கொடுப்பார்கள், அடுத்த திங்கட்கிழமை லயம் இடிபடும். பட்டியலில் இல்லாதவர் அதற்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் மாடியேறி வந்தார். மரத்தில் பால்வெட்டு முடித்துக் குளித்துவிட்டு பஸ் பிடித்திருக்கிறார், ஆனாலும் ரப்பர் பால் வாசம் போகவில்லை. எங்கள் ஆபீஸ் பெஞ்சில் இரண்டு பேர் அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர் அதைப் பார்த்தார், சிரித்தார், காலியான இடத்தில் தம் பையை வைத்தார்.

“பேர் என்னக்கா?” என்றேன்.

“சின்னத்தாயி. பதினெட்டாங்கட்டை. புருசன் இல்ல, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நேத்து பெரட்டுல கிராணி லிஸ்டு படிச்சாரு, என் பேரைக் காணோம். கேட்டா ஈப்போவுல கேளுங்கறாரு. ஒரு சூரத்து குடுங்க தங்கச்சி, நான் வேலை செய்யறேன்னு.”

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, சூரத்து என்றால் கடிதம். அதற்குள் மேனேஜர் வெளியே வந்துவிட்டார்.

“கம்ப்யூட்டர் பிழை விடாது, அம்மா. உங்கட பேர் இல்லையெண்டால் நீங்கள் கான்ட்ராக்ட் ஆளாய் இருப்பீங்கள்.”

“நான் எத்தனை வருசமா வெட்டறேன்னு மரத்தைக் கேளுங்க ஐயா. கான்ட்ராக்ட் கத்திக்கும் என் கத்திக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியும்.”

“மரம் எங்களுக்கு ரிப்போர்ட் அனுப்புறதில்லை.” இரண்டு கிளார்க்குகள் சிரித்தார்கள். மேனேஜர் சொன்னால் சிரிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள்.

சின்னத்தாயி கோபப்படவில்லை. “அது சரிங்க. ஆனா எங்க லயத்துல நாலாவது வீட்டு சின்னத்தம்பி பேரு மட்டும் இருக்கு. போன மாசம் அவரு ரப்பர் காட்டுல நின்னதைவிடக் கள்ளுக்கடையில நின்னதுதான் அதிகம். அவரை மட்டும் எப்படித்தான் கண்டுபிடிச்சுச்சோ உங்க மெசினு!”

சின்னத்தம்பி. சின்னத்தாயி.

நான் மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பேருக்கும் முதல் எட்டு எழுத்து ஒன்றேதான், CHINNATH. ஒன்பதாவது எழுத்துக்கு அப்புறம்தான் தம்பியும் தாயியும். பழைய சிஸ்டத்தில் அவர்களைப் பிரித்து வைத்திருந்தது புள்ளிக்குப் பின்னால் இருந்த மகனும் மகளும். கோட்டிலிருந்து வெட்டியதும் இருவருக்கும் மிஞ்சியது வெறும் A. வரிசைப்படி L முன்னால், P பின்னால். சின்னத்தம்பி முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பிறகு சின்னத்தாயி வந்து நின்றபோது, அவரை அழித்துவிட்டு இவளை எழுதவா என்று மெஷின் என்னிடம் கேட்டிருக்கிறது. யார் இவள் என்று பார்க்காமலே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவை எண் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பற்றிக்கொண்டு வந்த நான்.

பெண்கள் எல்லாரும் விடுபட்டிருந்தால் ஒரு குருட்டுக் கண்ணுக்காவது பட்டிருக்கும். முனியம்மா இருந்தாள், காளியம்மா இருந்தாள். எட்டு எழுத்து வரை தன்னைப் போலவே ஓர் ஆம்பிளை வாய்த்தவள் மட்டும்தான் இல்லை.

மேனேஜரைக் கண்ணாடிச் சுவர் போட்ட மெஷின் அறைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னேன். என் விரல் செய்தது என்றே சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“ஒராளைத்தானே பிள்ளை? டைப் பண்ணிச் சேர்த்துப்போட்டு விடும். இதைப் பெரிசுபடுத்தாதையும்.”

“ஆறு தடவை கேட்டுச்சு சார்.”

“மற்ற ஐஞ்சு பேரும் வந்து கேட்டவையோ?”

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. ஒருத்தியைச் சேர்த்தால் அவள் கும்பிட்டுவிட்டுப் போவாள், என் கெட்டிக்காரிப் பட்டம் தப்பும், கேக் செரித்துவிடும். மற்ற ஐந்து பேர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது, நான்தான் படிக்காமலே அமுக்கினேனே. அறையை விட்டு வெளியே வந்தேன். சின்னத்தாயி பெஞ்சில் அப்படியே இருந்தார்.

“அக்கா, உங்க பேரைப் போட்டுடலாம்” என்றேன்.

“அப்ப பெரியதாயி பேரு? மாரிமுத்தம்மா? அந்தப் பரமேஸ்வரி? ராஜேஸ்வரி, ராஜாமணி, அதுங்களுக்கும் இல்லையே.” மூச்சு விடாமல் சொன்னார். “அதுங்க வெக்கப்பட்டுக்கிட்டு வரல. ஆபீசு மாடின்னா பயம். எனக்கும் பயந்தான், ஆனா எனக்கு வாய் நிக்காது.”

என் தலையில் இல்லாத பட்டியல், அச்சடித்த காகிதத்தில் இல்லாத பட்டியல், ஒரே தடவை பெரட்டில் கேட்டவரின் வாயில் முழுசாக இருந்தது. பெரியதாயிக்கு ஒரு பெரியதம்பி, பரமேஸ்வரிக்கு ஒரு பரமேஸ்வரன் என்று நான் மனதுக்குள் ஜோடி போட்டுப் பார்த்தேன். ஆறும் சரியாக உட்கார்ந்தது.

மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. “வாய்ச் சொல்லை வச்சு வீடு குடுக்கேலாது. கம்ப்யூட்டரில எடுத்துக் காட்டும், பிள்ளை.” ஒரு மணி நேரத்துக்கு முன் பிழையே விடாத கம்ப்யூட்டர் இப்போது தன் பிழைக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டும்! பழைய டிஸ்க்குகள் அலமாரியில் இருந்தன, படிக்கத்தான் மெஷின் இல்லை. அன்று மத்தியானமே நானும், புது மெஷினுக்காக இன்னும் ஈப்போவிலேயே தங்கியிருந்த டையும் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு ஜெலாப்பாங் போனோம்.

இரும்புக் கடை முதலாளி, சீனத் தவுக்கே, எங்கள் பழைய மெஷின் மேல் தேத்தண்ணீர்ப் பிளாஸ்க்கை வைத்திருந்தார். “கனம் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. உங்க பாஸ் மாதிரியா?” என்று மலாயும் தமிழும் கலந்து விசாரித்தார். பிளாஸ்க்கை எடுத்தோம், வயர் இழுத்தோம், மெஷின் இரண்டு முறை இருமிவிட்டு எழுந்தது. அந்த நேரம் பார்த்து மழை. தகரக் கூரையில் ஓட்டை. டை தன் சட்டையைக் கழற்றி மெஷின் மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, வெறும் பனியனும் டையுமாக நின்றார். நான் ஒவ்வொரு பைலாகத் திறந்து எழுதினேன். CHINNATH, A/P, நிரந்தரம். PERIATHA, A/P, நிரந்தரம். ஆறும் இருந்தன.

“அக்கா, இது என் புரோகிராம் வெட்டுனதுதான்” என்றார் டை. “நான் ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கணும், இந்த மூணு எழுத்து எதுக்குன்னு. சிரிச்சுட்டேன்.”

“அப்ப கீழ கையெழுத்துப் போடுங்க தம்பி.”

“முழுப் பேரா?”

“அப்பா பேரோட போடுங்க, கோட்டை மட்டும் விட்டுராதீங்க.”

போட்டார். நானும் போட்டேன். யார் அமுக்கியது, யார் வெட்டியது என்று இரண்டு வரியில் எழுதியும் வைத்தோம். வியாழக்கிழமை காலை அந்தக் காகிதத்தை மேனேஜரின் ஆர்க்கிட்டுக்கும் அவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, கையெழுத்து விழும்வரை நகராமல் நின்றேன். வேலை போனால் போகட்டும் என்ற வீரமெல்லாம் இல்லை, பயந்துகொண்டுதான் இருந்தேன். பயத்தோடும் ஒரே இடத்தில் நிற்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையெழுத்து விழுந்தது. மேலிடத்துக்கு அவர் அனுப்பிய குறிப்பில், ‘தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் ஏற்பட்ட குழப்பம்’ என்று இருந்தது. பெயர் வைத்த தாய் தகப்பன்மேல் பழியைப் போட்டுவிட்டார். அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை என்னைப் பற்றியும் இருந்தது, ‘கவனக்குறைவு’. அது உண்மை, அதனால் நான் மறுக்கவில்லை.

இதிலிருந்து எட்டு எழுத்து, மூன்று எழுத்து என்று எதையும் நீங்கள் மனப்பாடம் பண்ண வேண்டாம். மெஷின் உங்களை ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பின்னால் யாரோ ஓர் ஆள் நிற்கிறார் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ‘வேண்டாம்’ என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பது இல்லை. அதுவும் ஒரு காரியம். சில நேரம் பெரிய காரியம்.

வெள்ளிக்கிழமை கூடுதல் பட்டியலை நானே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். கிராணி ஆறு பெயரையும் படித்தார், ஆறு சாவியும் கை மாறின. சின்னத்தாயி என்னையும் இழுத்துக்கொண்டு போய் வீட்டைத் திறந்தார். சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியது. அவருடைய இரண்டு பெண்களும் எந்த மூலை யாருக்கு என்று அப்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.

“அக்கா, வேணாம்னு அமுக்குனது நான்தான்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தெரியும். அந்தக் கண்ணாடி ரூம்புல மூஞ்சி அப்படியே தொங்கிப்போச்சே உங்களுக்கு. வந்ததுல பாதி கோவம் அப்பவே போயிருச்சு.”

“மீதிப் பாதி?”

“அதை வச்சிருக்கேன் லா.”

சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திருகினார். குழாய் ஒரு தடவை இருமியது, கொஞ்சம் காற்று விட்டது, அதோடு சரி. பக்கத்து வீட்டிலும் அதே சத்தம், அதற்கடுத்த வீட்டிலும். சின்னத்தாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கும் தனியா லிஸ்டு இருக்கா தங்கச்சி?”

குழாய் என் வேலை இல்லை. இருந்தாலும் தோட்ட ஆபீசைப் பார்த்து நடந்தேன்.